அடம் பிடிக்கும் போல்ட்

ஒரு போல்ட்டை இறுக்குவது கடினமா, கழற்றுவது கடினமா?

வகுப்பில் இந்தக் கேள்வியைக் கேட்டால், "கழற்றுவதுதான் கடினம்" என்று பெரும்பாலோர் கைதூக்குவார்கள். சைக்கிள் சக்கரத்தின் நட்டோடு போராடி உள்ளங்கை சிவந்தவர்கள் அதை உரக்கவே சொல்வார்கள். ஆனால் இயற்பியல் கணக்குப் போட்டுப் பார்த்தால் வேறு விடை வருகிறது. இறுக்குவதற்குச் செலவழித்த முயற்சியில் ஏறத்தாழ முக்கால் பங்கு இருந்தாலே போல்ட் கழன்றுவிட வேண்டும்!

கணக்கும் தவறில்லை; உங்கள் கையின் அனுபவமும் தவறில்லை. இறுக்கிய நாளுக்கும் கழற்ற வந்த நாளுக்கும் இடையில் போல்ட்டுக்கு ஏதோ நேர்ந்திருக்கிறது. அது என்ன என்று தெரிந்துகொண்டால், முரட்டுப் பலம் இல்லாமலேயே அதைக் கழற்றும் வழியும் தெரிந்துவிடும். தெரியாமல் பலத்தைக் காட்டினால் போல்ட் இரண்டாக ஒடியும். பாதித் துண்டு எஞ்சினுக்குள்ளேயே நின்றுவிடும். பத்து நிமிட வேலை பல நாள் வேலையாகி, வீட்டுக்குப் பெருஞ்செலவாக முடியும்.

உதாரணத்துக்கு ஒரு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொள்வோம். அதன் சைலன்சர் குழாய் எஞ்சினோடு சேருமிடத்தைக் குனிந்து பாருங்கள். இரண்டு போல்ட்டுகளோ நட்டுகளோ அதைப் பிடித்துக்கொண்டிருக்கும். போல்ட் எஃகினால் ஆனது; அது இறங்கியிருக்கும் எஞ்சின் தலை அலுமினியக் கலவையால் ஆனது. தினமும் கொதிக்கும் சூடு, பிறகு குளிர்ச்சி. மழையில் நீர், வெயிலில் புழுதி. வண்டியிலேயே மிக அதிகமாக அடம் பிடிக்கும் போல்ட்டுகள் இவைதாம்.

போல்ட் ஒரு சுருள்வில்

போல்ட் என்றால் அசையாத இரும்புத் துண்டு என்றுதான் நினைக்கிறோம். உண்மையில் அது மிக விறைப்பான ஒரு சுருள்வில்லைப் போல வேலை செய்கிறது. இறுக்கும்போது போல்ட்டின் உடல் நீள்கிறது. நீண்ட வில் சுருங்கப் பார்க்கும் அல்லவா? அந்தச் சுருங்கும் விசைதான் இரு பாகங்களையும் அழுத்திச் சேர்த்துவைக்கிறது.

நாம் எடுத்துக்கொண்ட போல்ட் 8 மில்லிமீட்டர் விட்டம் உடையது என்று வைத்துக்கொள்வோம். பட்டறையில் இதன் தலைக்கு 13-ம் நம்பர் ஸ்பானர் போடுவார்கள். சில வண்டிகளில் 12-ம் நம்பர். தலையை நன்றாகத் துடைத்துப் பார்த்தால் பலவற்றில் 8.8 என்று பொறித்திருக்கும். இது விலையோ வரிசை எண்ணோ அல்ல. முதல் எட்டை நூறால் பெருக்குங்கள்: 800. ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன் இழுவிசை வரை அந்த எஃகு அறுந்துபோகாது என்று பொருள். அடுத்து வரும் .8, அந்த 800-இல் பத்தில் எட்டுப் பங்கைக் குறிக்கிறது; அதாவது 640. அந்த எல்லையைத் தாண்டினால் எஃகு நிரந்தரமாக நீண்டுவிடும். பழைய நீளத்துக்குத் திரும்பாது. மீட்சி எல்லை என்று நீங்கள் படித்தது இதைத்தான்.

இத்தகைய போல்ட் ஒன்றைச் சரியாக இறுக்கினால் அதில் சுமார் 16,000 நியூட்டன் இழுவிசை உண்டாகும். ஏறத்தாழ 1,600 கிலோகிராம் எடை! சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத ஒரு துண்டு, சிறிய கார்கள் இரண்டின் எடைக்குச் சமமான விசையால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கிறது. இதனால் 30 மில்லிமீட்டர் நீளத்துக்கு அது நீள்வது எவ்வளவு தெரியுமா? ஏறத்தாழ ஒரு தலைமுடியின் பருமன்தான்.

சுருட்டிய சாய்தளம்

இவ்வளவு பெரிய விசையை ஒரு கை எப்படி உண்டாக்குகிறது? ஒரு தாளைச் செங்கோண முக்கோணமாக வெட்டி, அதைப் பென்சிலின் மீது சுற்றிப் பாருங்கள். தாளின் சாய்ந்த ஓரம் பென்சிலைச் சுற்றி ஏறும் மலைப்பாதைபோல் தெரியும். திருகு என்பது சுருட்டி வைத்த சாய்தளமே. பட்டறையில் மரை என்று சொல்வதும் பாடநூலில் புரி என்று சொல்வதும் இந்தப் பாதையைத்தான்.

திருகு அளவியில் புரியிடைத் தூரம் பற்றிப் படித்திருப்பீர்கள். நம் 8 மில்லிமீட்டர் போல்ட்டில் அது வழக்கமாக 1.25 மில்லிமீட்டர். ஒரு சுற்றைப் பிரித்து நீட்டினால் அடி நீளம் சுமார் 22.6 மில்லிமீட்டர், உயரம் 1.25 மில்லிமீட்டர். பதினெட்டு அடி நடந்தால் ஓர் அடி ஏறும் மிக மென்மையான சரிவு. சாய்வுக் கோணம் மூன்று டிகிரிக்குச் சற்று மேல்.

இனி உராய்வைக் கவனியுங்கள். எஃகுப் புரிகளுக்கிடையே உராய்வுக் குணகம் சுமார் 0.15 என்று கொண்டால், புரியின் வடிவத்தையும் சேர்த்துப் பார்க்கும்போது உராய்வுக் கோணம் ஏறத்தாழ பத்து டிகிரி வரும். சரிவு மூன்று டிகிரி. வழுக்கத் தொடங்கப் பத்து டிகிரி வேண்டும். ஆகவே 1,600 கிலோகிராம் எடை அழுத்தினாலும் போல்ட் தானாகச் சுழன்று இறங்காது. உராய்வு நமக்குப் பகை என்று எண்ணுகிறோம். உராய்வு மட்டும் இல்லையென்றால், ஸ்பானரை எடுத்த மறுகணமே எல்லா போல்ட்டுகளும் விர்ரென்று சுழன்று கழன்றுவிடும்.

வரவு செலவுக் கணக்கு

ஸ்பானரின் முனையில் கொடுக்கும் விசையை, அச்சிலிருந்து அதன் தூரத்தால் பெருக்கினால் திருப்புத்திறன் கிடைக்கும். நம் போல்ட்டில் 16,000 நியூட்டன் இழுவிசை உண்டாக்கச் சுமார் 26 நியூட்டன் மீட்டர் திருப்புத்திறன் வேண்டும். பதினாறு சென்டிமீட்டர் நீளமுள்ள சாதாரண ஸ்பானரில் இது ஏறத்தாழ 16 கிலோகிராம் எடைக்குச் சமமான இழுப்பு.

இந்த 26 எங்கே செலவாகிறது? போல்ட்டை நீட்டும் பயனுள்ள வேலைக்குப் போவது சுமார் 3 மட்டுமே. இழுவிசையைப் புரியிடைத் தூரத்தால் பெருக்கி, 2π-ஆல் வகுத்தால் நீங்களே இதைச் சரிபார்க்கலாம். மீதி 23-உம் உராய்வுக்கே போகிறது. அதில் பாதிக்குச் சற்று அதிகமான பங்கை போல்ட் தலையின் அடிப்பரப்பு எடுத்துக்கொள்கிறது. எஞ்சியதைப் புரிகள் எடுத்துக்கொள்கின்றன.

கழற்றும்போதும் அதே 23 உராய்வுக்குத் தர வேண்டும். ஆனால் இப்போது நாம் சரிவில் இறங்குகிறோம். நீண்டிருந்த போல்ட் சுருங்கும்போது அந்த 3-ஐ நமக்கு உதவியாகத் திருப்பித் தருகிறது. ஆகவே இறுக்குவதற்கு 23 + 3 = 26; கழற்றுவதற்கு 23 − 3 = 20. கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன முக்கால் பங்கு இதுதான்.

நேற்று இறுக்கிய சுத்தமான போல்ட்டை இன்று கழற்றிப் பாருங்கள். கணக்கு ஏறத்தாழச் சரியாகவே இருக்கும். மூன்று மழைக்காலம் கண்ட போல்ட்டிடம் இந்தக் கணக்கு செல்லாது. ஏன்?

குற்றவாளி யார்?

முதல் சந்தேகம் உராய்வின் மீதே எழும். நீண்ட நாள் ஓய்ந்து கிடந்தால் உராய்வு கூடிவிடுமோ? பிரெஞ்சு விஞ்ஞானி கூலும் இதை ஆராய்ந்திருக்கிறார். மின்னூட்டங்களுக்கிடையே உள்ள விசை விதியால் நீங்கள் அறிந்த அதே கூலும்தான். இயந்திரங்களின் உராய்வு பற்றி அவர் செய்த சோதனைகள் 1785-இல் வெளியாயின. மரத்தின்மேல் மரம் கிடக்கும்போது, ஓய்வு நேரம் கூடக் கூட அதை நகர்த்தத் தொடங்கும் விசையும் கூடுவதை அவர் கண்டார். உலோகத்தின்மேல் உலோகத்தில் அந்த விளைவு மிகக் குறைவு. எனவே முழுப் பழியையும் ஓய்வின் மீது போட முடியாது.

இரண்டாவது சந்தேகம் துரு. இங்கேதான் பெரிய குற்றவாளி அகப்படுகிறான். இரும்பு ஆக்சிஜனோடு சேர்ந்து இரும்பு ஆக்சைடு ஆகும்போது, அது இருந்த இடத்தைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் இடம் கேட்கிறது. நீரும் சேர்ந்த துருவுக்கு இன்னும் அதிக இடம் வேண்டும். புரிகளுக்கிடையே உள்ள இடைவெளியோ மிகக் குறுகியது. கூட்டம் நிறைந்த பேருந்தில் ஒவ்வொரு பயணியும் இரு மடங்கு பருத்தால் என்ன ஆகும்? அந்த நிலைமைதான். துரு தன்னைத்தானே ஆப்பாக அடித்துக்கொள்கிறது. புரிகளுக்கிடையே அழுத்தம் ஏறுகிறது. உராய்வும் அதோடு ஏறுகிறது.

மூன்றாவது, எஃகும் அலுமினியமும் சேர்ந்து கட்டிய மின்கலம். இரு வேறு உலோகங்களும் ஒரு மின்பகுளியும் சேர்ந்தால் மின்கலம் ஆகும் என்று படித்திருக்கிறீர்கள். சாலையில் தெறிக்கும் அழுக்கு நீரும், கடற்கரை ஊர்களில் உப்புக் காற்றின் ஈரமும் நல்ல மின்பகுளிகள். இந்தக் கலத்தில் அலுமினியம்தான் கரைகிறது. கரைந்து வெண்ணிறப் பொடியாகப் புரிகளில் அடைகிறது. அலுமினிய எஞ்சினிலிருந்து பழைய போல்ட்டைக் கழற்றும்போது வெள்ளைப் பொடி கொட்டினால், அது இந்த மின்கலத்தின் சாம்பல் என்று அறிந்துகொள்ளுங்கள்.

நான்காவது வெப்பம். சைலன்சரின் வாயில் சூடு பல நூறு டிகிரி வரை ஏறும். புரிகளில் இருந்த எண்ணெய் கருகிக் கரியாகிறது. வழுக்க உதவியது ஒட்ட உதவுவதாக மாறுகிறது.

இந்த நால்வரும் சேர்ந்து 20 நியூட்டன் மீட்டரை 40, 50 என்று ஏற்றிவிட முடியும்.

ஒடியும் எல்லை

ஏறினால் ஏறட்டும், நாமும் பலத்தைக் கூட்டுவோமே என்கிறீர்களா? இங்கேதான் நிற்க வேண்டும். 8.8 என்று பொறித்த நம் போல்ட்டின் உடலை முறுக்கினால், சுமார் 35 நியூட்டன் மீட்டரில் அது முறுகி ஒடியும். இறுக்கத் தேவையான 26-க்கும் ஒடியும் 35-க்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். தலைக்கு அடியில் உள்ள உராய்வு ஓரளவு சுமையைத் தாங்கிக்கொள்ளும் என்பது உண்மை. ஆனால் தலை சற்றே அசைந்தவுடன் அந்தப் பாதுகாப்பும் போய்விடும்.

பதினாறு சென்டிமீட்டர் ஸ்பானரில் 35 நியூட்டன் மீட்டர் கொடுக்க 22 கிலோகிராம் எடைக்குச் சமமாக இழுக்க வேண்டும். கை வலிக்கும், எச்சரிக்கை கிடைக்கும். அதே ஸ்பானரில் ஒரு குழாயைச் செருகி அரை மீட்டர் நீளமாக்கினால்? வெறும் 7 கிலோகிராம் போதும். அரைக் குடம் தண்ணீரைத் தூக்கும் பலத்தில் எஃகு ஒடிந்துவிடும்; கைக்கு ஒன்றும் தெரியாது. எஞ்சின் மூடிகளில் உள்ள 6 மில்லிமீட்டர் போல்ட்டுகள், அதாவது 10-ம் நம்பர் ஸ்பானர் போடுபவை, இன்னும் மெலிந்தவை. முப்பது சென்டிமீட்டர் கைப்பிடியில் நான்கைந்து கிலோகிராம் எடைக்கே அவை ஒடியக்கூடும். நெம்புகோல் தத்துவம் உலகையே அசைக்கும் என்று மகிழ்கிறோம். போல்ட்டையும் அது அதே எளிமையோடு அறுக்கும்.

ஒடியப்போகும் போல்ட் முன்னறிவிப்புத் தருவதுண்டு. கழல்கிற போல்ட் "டக்" என்ற ஓசையுடன் விடும். பிறகு விசை சட்டென்று குறையும். ஒடியப்போவதோ ரப்பரைத் திருகுவதுபோல் ஓசையின்றி இளகிக்கொடுக்கும். அது மீட்சி எல்லையைத் தாண்டிவிட்டது என்பதற்கு அடையாளம். அந்தக் கணமே நிறுத்துங்கள்.

கழற்றும் முறைகள்

எந்த முறையானாலும் எஞ்சின் நன்கு ஆறிய பிறகே தொடங்குங்கள். பெரியவர் ஒருவர் உடன் இருக்கட்டும். கண்ணுக்குக் கண்ணாடி அணியுங்கள், துரு தெறிக்கும்.

*திசை.* தலைக்கு நேராகப் பார்க்கும்போது வலஞ்சுழியாகத் திருப்பினால் இறுகும். இடஞ்சுழியாகத் திருப்பினால் கழலும். எஞ்சினின் அடியில் இருக்கும் எண்ணெய் வடிக்கும் போல்ட்டை மேலிருந்தபடி கையை விட்டுக் கழற்றுபவர்கள் ஏமாறுவது இங்கேதான். மேலிருந்து பார்த்தால் திசை தலைகீழாகத் தெரியும். கழற்றுவதாக நினைத்து இறுக்கியே ஒடித்தவர்கள் உண்டு. இடப்புரி கொண்ட திருகுகளும் உள்ளன. சைக்கிளின் இடது மிதி அத்தகையது.

*ஸ்பானர்.* வாய் திறந்த ஸ்பானர் போல்ட் தலையின் ஆறு மூலைகளில் இரண்டைத்தான் அழுத்தும். ரிங் ஸ்பானரும் பாக்ஸ் ஸ்பானரும் எல்லா மூலைகளுக்கும் சுமையைப் பகிர்ந்து தரும். விசை ஒன்றே, அதைத் தாங்கும் பரப்புக் கூடினால் தகைவு குறையும். மூலை மழுங்கிய போல்ட்டைக் கழற்றுவது ஒடிந்ததைக் கழற்றுவதற்குச் சற்றே எளிது, அவ்வளவுதான். ஸ்பானரை எப்போதும் உங்களை நோக்கி இழுங்கள், வெளியே தள்ளாதீர்கள். போல்ட் நகரத் தொடங்கியதும் நிலை உராய்வு போய், அதைவிடக் குறைந்த இயக்க உராய்வு வந்துவிடும். கை திடீரென்று பாய்ந்து விரல் முட்டிகள் இரும்பில் மோதும்.

*எண்ணெயும் பொறுமையும்.* விளக்குத் திரியில் எண்ணெய் தானாக ஏறுவதைப் பார்த்திருக்கிறீர்கள். அதே நுண்புழை விளைவுதான் துருவின் நுண்ணிய விரிசல்களில் எண்ணெயை இழுத்துச் செல்கிறது. இதற்குக் கெட்டியான எஞ்சின் எண்ணெய் உதவாது. அதன் பாகுநிலை நீரைப்போல் நூறு மடங்குக்கும் மேல். மண்ணெண்ணெய் போன்று இளகிய திரவமே நல்லது. கடைகளில் விற்கும் டபிள்யூ.டி-40 என்ற திரவம் 1953-இல் அமெரிக்காவில் உருவாயிற்று. உலோகப் பரப்பிலிருந்து நீரை விலக்கித் துருவைத் தடுக்கச் செய்யப்பட்டது அது. நாற்பதாவது முயற்சியில் வெற்றி கிடைத்ததால் அந்த எண் பெயரிலேயே நின்றுவிட்டது.

ஆனால் ஊற்றியவுடனே ஸ்பானரைப் போடக் கூடாது. நுண்புழையில் திரவம் செல்லும் தூரம், நேரத்தின் இருமடி மூலத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கிறது. வாஷ்பர்ன் என்பவர் 1921-இல் இதை விளக்கினார். இரு மடங்கு ஆழம் செல்ல நான்கு மடங்கு நேரம். மூன்று மடங்கு ஆழம் செல்ல ஒன்பது மடங்கு நேரம். கடைசிப் புரியைத் தொடுவதற்குத்தான் நேரமெல்லாம் ஆகும். எனவே கம்பித் தூரிகையால் துருவை நீக்கி, மாலையில் எண்ணெய் விட்டு, இரவெல்லாம் ஊறவிட்டுக் காலையில் வாருங்கள்.

*தட்டுதல்.* எஃகு வளையும், துரு வளையாது. அது சுட்ட மண்ணைப்போல் நொறுங்கும் பொருள். அரைக் கிலோகிராம் சுத்தியல் வினாடிக்கு 4 மீட்டர் வேகத்தில் வந்து ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடியில் நின்றால், உந்த மாற்றம் 2 அலகு. சராசரி விசை 2,000 நியூட்டன். கணத்தாக்கு என்று படித்ததன் பயன் இது. போல்ட் தலையின் நடுவில் நேராகச் சில முறை தட்டினால் துருவில் விரிசல் விழும். அதன் வழியே எண்ணெய் இறங்கும். தட்டும் விசை அச்சின் திசையில் செல்வதால் போல்ட்டை முறுக்காது. அலுமினியத்தின்மேல் மட்டும் அடி படக்கூடாது.

*முன்னும் பின்னும்.* கழற்றும் திசையிலேயே விடாப்பிடியாக இழுக்காமல், முதலில் ஒரு மயிரிழை இறுக்கப் பாருங்கள்; பிறகு கழற்றப் பாருங்கள். சற்று நகர்ந்ததும் மீண்டும் எண்ணெய். மீண்டும் கால் சுற்று முன், கால் சுற்றுப் பின். நொறுங்கிய துருத்தூள் ஒரே பக்கத்தில் குவிந்து ஆப்பாவதை இது தடுக்கும். பழகிய மெக்கானிக் இதை ஒரு தாளகதியோடு செய்வதைப் பட்டறையில் பார்க்கலாம்.

*வெப்பம்.* மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போடும்போது பட்டையைச் சூடாக்கி மாட்டுவார்கள். சூட்டில் வளையம் பெருக்கும். துளையும் அதுபோலவே பெருக்கும், சுருங்காது. ஒரு டிகிரிக்கு எஃகின் நீள் விரிவுக் குணகம் பத்து லட்சத்தில் 12 பங்கு. அலுமினியத்துக்கு 23 பங்கு. ஆகவே இரண்டையும் 60 டிகிரி சூடேற்றினால், 8 மில்லிமீட்டர் துளை, போல்ட்டைவிடச் சுமார் 0.005 மில்லிமீட்டர் அதிகமாக விரியும். மிகச் சிறிய அளவுதான். ஆனால் துருவின் பிடியைத் தளர்த்தி விரிசல் உண்டாக்க அது பயன்படும்.

நீளவாக்கில் நிலைமை எதிராக இருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. போல்ட் அழுத்திப் பிடித்திருக்கும் அலுமினியப் பாகம் எஃகைவிட அதிகம் நீள்வதால், சூட்டில் போல்ட்டின் இழுவிசை கூடிவிடும். அதனால் கொதிநீரில் நனைத்த துணியால் ஒற்றிச் சூடேற்றி, ஆறவிட்டு, மீண்டும் சூடேற்றி, ஆறிய பிறகு திருப்புவதே நல்லது. வீட்டில் இதற்கு மேற்பட்ட சூடு வேண்டாம். பெட்ரோல் தொட்டிக்கு அருகில், மண்ணெண்ணெய் ஊற்றிய இடத்தில், நெருப்பு என்ற பேச்சே கூடாது. வாயு விளக்கும் மின்தூண்டல் சூடேற்றியும் பட்டறைக்கு உரியவை. எஞ்சின் தலையையே கழற்றுவதானால் முற்றிலும் ஆறிய நிலையில், வெளிப்புற போல்ட்டில் தொடங்கி உட்புறமாக, எதிரெதிர் மூலைகளைச் சிறிது சிறிதாகத் தளர்த்திக்கொண்டு வர வேண்டும். இல்லையேல் தலை கோணிவிடும்.

இவ்வளவு செய்தும் கழலாவிட்டால் பட்டறைக்கு அனுப்பிவிடுங்கள். ஒடியாத போல்ட்டோடு போவதற்கும் ஒடிந்த போல்ட்டோடு போவதற்கும் கூலியில் பெரிய வித்தியாசம் இருக்கும்.

மீண்டும் பூட்டும்போது

கழற்றிய போல்ட்டைத் துடைத்து, தாமிரத் தூள் கலந்த மசகைப் பூசிப் பூட்டினால் அடுத்த முறை அது அடம் பிடிக்காது. நல்ல வழக்கம்தான். ஆனால் அதில் ஒரு கண்ணி இருக்கிறது. மசகு உராய்வைக் குறைக்கிறது. 26 நியூட்டன் மீட்டரில் 23 உராய்வுக்குப் போயிற்று என்று பார்த்தோம். உராய்வுக் குணகம் 0.15-இலிருந்து 0.10-க்கு இறங்கினால், அதே 26 நியூட்டன் மீட்டர் போல்ட்டில் 16,000-க்குப் பதிலாக 22,000 நியூட்டனுக்கும் மேற்பட்ட இழுவிசையை உண்டாக்கிவிடும். இந்த போல்ட் பாதுகாப்பாகத் தாங்குவதோ சுமார் 21,000 தான். மென்மையான அலுமினியத்தில் உள்ள மரையும் அறுந்துபோகலாம். ஆகவே மசகு பூசிய போல்ட்டைக் குறைந்த திருப்புத்திறனில் இறுக்க வேண்டும். தயாரிப்பாளரின் கையேட்டில் உலர்ந்த புரிக்கா, மசகிட்ட புரிக்கா என்று பார்த்து, டார்க் ஸ்பானர் கொண்டு இறுக்குவதே சரி.

இன்னொன்று. வேறு வண்டியின் போல்ட்டை ஏறக்குறையப் பொருந்துகிறதே என்று போட்டு இறுக்காதீர்கள். ஒரு காலத்தில் பட்டறைக்குப் பட்டறை புரியின் அளவு மாறியது. இங்கிலாந்தில் ஜோசப் விட்வொர்த் 1841-இல் 55 டிகிரி கோணமுள்ள பொதுப் புரியை முன்மொழிந்தார். அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் 1864-இல் 60 டிகிரியை முன்மொழிந்தார். இன்றைய மெட்ரிக் புரியின் கோணமும் 60 டிகிரியே. விட்டம் ஒன்றாயிருந்து புரியிடைத் தூரம் வேறானால், இரண்டு மூன்று சுற்று ஏறியபின் புரிகள் ஒன்றையொன்று நசுக்கிப் பூட்டிக்கொள்ளும். கையால் திருகும்போது போல்ட் பல சுற்று தடையின்றி இறங்க வேண்டும். இறங்காவிட்டால் ஸ்பானரைத் தொடாதீர்கள்.

நீங்களே சோதித்துப் பாருங்கள்

இந்தக் கட்டுரையை அப்படியே நம்ப வேண்டியதில்லை. உங்கள் பள்ளியிலேயே சோதிக்கலாம். ஒரே அளவான, முலாம் பூசாத இரும்பு போல்ட்–நட்டு ஜோடிகள் பன்னிரண்டு வாங்குங்கள். ஒவ்வொன்றையும் பட்டறைப் பிடியில் பொருத்துங்கள். ஸ்பானரின் நுனியில் வில் தராசைக் கொக்கியிட்டுச் செங்குத்தாக இழுத்து, எல்லாவற்றையும் ஒரே அளவில் இறுக்குங்கள். விசையையும் தூரத்தையும் பெருக்கித் திருப்புத்திறனைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்று ஜோடிகளை உடனே கழற்றி அளந்து பாருங்கள். முக்கால் பங்கு வருகிறதா? மற்ற ஒன்பதையும் உப்பு நீர் தெளித்து இரண்டு வாரம் துருப்பிடிக்க விடுங்கள். அதன்பின் மூன்றை அப்படியே கழற்றுங்கள். மூன்றை ஓர் இரவு மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழற்றுங்கள். மீதி மூன்றை ஊறவைத்து, தலையில் பத்து முறை தட்டியபின் கழற்றுங்கள். ஒவ்வொரு குழுவின் சராசரியையும் பட்டை வரைபடமாக வரையுங்கள்.

முதல் பட்டைக்கும் இரண்டாவது பட்டைக்கும் உள்ள வித்தியாசம் துரு செய்த வேலை. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் உள்ளது எண்ணெயும் பொறுமையும் செய்த வேலை. நான்காவது பட்டை எங்கே நிற்கும் என்பதை அளப்பதற்கு முன்பே ஊகித்து எழுதிவைத்து, பிறகு ஒப்பிட்டுப் பாருங்கள்.